முருகன் என்று மகனுக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: முதல் மகன் பிறந்திருக்கிறான். தன் தாத்தாவின் பெயரான முருகன் என்பதையே அவனுக்கு வைக்கத் தந்தைக்கு ஆசை. வீட்டில் மற்றவர்கள் தயங்குகிறார்கள். பழைய பெயர், எங்கு பார்த்தாலும் இருக்கும் பெயர், வெளிநாட்டுக்குப் போனால் சிரமம் என்கிறார்கள். முன்னாலோ பின்னாலோ ஏதாவது சேர்த்தால் புதிதாகத் தெரியும் என்றும் யோசனை சொல்கிறார்கள். இந்தப் பெயரில் அப்படி என்ன ஈர்ப்பு? இன்று வைக்கத் தகுமா?

வையுங்கள். முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல், வெறும் முருகன் என்றே வையுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

'பழைய பெயர்' என்பதிலிருந்து தொடங்குவோம். முருகன் என்ற சொல்லின் அடி முருகு. முருகு என்றால் இளமை. தமிழில் ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர்களில், முதுமையே அண்டாத இளமையைத் தன் பொருளாகவே வைத்துக்கொண்டிருக்கும் பெயர் இது. பிறகு ஏன் பழையதாகத் தோன்றுகிறது? நமக்குத் தெரிந்த முருகன்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பெரியப்பா முருகன், தபால்காரர் முருகன், கணக்கு வாத்தியார் முருகன் என்று நரைத்த தலைகளே நினைவுக்கு வருகின்றன. அவர்கள் எல்லோரும் ஒரு நாள் தொட்டிலில் கிடந்தபோது இந்தப் பெயர் அவர்களுக்குப் பொருந்தித்தான் இருந்தது. உங்கள் மகன் தவழத் தொடங்கிய மறுமாதமே வீட்டில் எல்லோருக்கும் முருகன் என்றால் அந்தக் குழந்தை முகம்தான் நினைவுக்கு வரும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முருகு என்ற சொல்லுக்கு இளமை மட்டும் பொருள் அல்ல. அழகு, மணம், தேன், தெய்வத்தன்மை எல்லாம் அதற்குள் அடங்கும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பொய்கைகளைச் சொல்லும்போது 'முருகு அமர் பூ' என்கிறது. அங்கே முருகு என்பது மணம். கோயிலோ வேலோ அங்கே இல்லை. தண்ணீரில் நிறம் மாறி மாறிப் பூத்துக் கிடக்கும் மலர்களின் வாசனைதான் இருக்கிறது. திரு.வி.க. 'முருகன் அல்லது அழகு' என்ற நூலில் மணம், இளமை, கடவுள்தன்மை, அழகு ஆகிய நான்கையும் இந்தச் சொல்லின் சிறப்பான பொருள்களாக எடுத்துக்கொண்டு விரித்து எழுதினார். முன்பு நம் பாட்டிமார் மேல்காதில் அணிந்த ஒரு வளையத்துக்கும் முருகு என்றுதான் பெயர். பூ, தேன், காதணி, கடவுள் என எங்கு போனாலும் இந்தச் சொல் அழகான ஒன்றின் மேல்தான் போய் உட்காருகிறது. ஒரு குழந்தையின் பெயருக்கு இதைவிட நல்ல வேர் கிடைக்குமா?

சங்கப் பாடல்களில் இந்தப் பெயர் நுழையும் விதமும் எனக்கு மிகவும் பிடித்தது. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்தைச் 'சேயோன் மேய மைவரை உலகம்' என்கிறது. சேயோன் என்றால் சிவந்தவன். திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டில் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கிறது; 317 அடிகள். இவை பலரும் அறிந்தவை. நான் சொல்ல விரும்புவது அகநானூற்றின் முதல் பாட்டு. மாமூலனார் பாடியது. பிரிந்து போன கணவனை நினைத்துத் தலைவி தோழியிடம் பேசுகிறாள். பொதினி என்ற ஊரில், சாணைக்கல் செய்பவன் அரக்கை வைத்துக் கல்லை ஒட்டுவான். அப்படி ஒட்டிய கல்லைப் போலப் பிரியமாட்டேன் என்று சொன்னாரே, அந்தச் சொல்லை மறந்துவிட்டாரோ என்று கேட்கிறாள். அந்தப் பொதினிதான் இன்றைய பழனி. அந்த ஊரின் தலைவனைச் சொல்லும்போது 'முருகன் நற்போர் நெடுவேள் ஆவி' என்கிறாள். முருகனைப் போலப் போர் செய்கிற ஆவி என்று பொருள். ஒரு மனிதனின் ஆண்மையை அளக்க முருகன் என்ற பெயரை அளவுகோலாக எடுத்துக்கொண்ட இடம் இது. அதுவும் ஒரு பெண் தன் காதல் துயரத்தைச் சொல்லும் பேச்சின் நடுவே, போகிற போக்கில் வருகிறது. அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே இது விளக்கம் தேவைப்படாத, வீட்டுக்குள் புழங்கிய பெயர்.

நற்றிணையில் இன்னோர் இடம் உண்டு. தலைவன் தன் காதலியைப் பார்த்து, 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல' இருக்கிறாய், உன் உருவத்தின் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது என்கிறான். போர்க்களத்தில் ஒப்புமை சொன்ன அதே பெயர் காதலிலும் ஒப்புமையாகிறது. ஒரே பெயருக்குள் வீரமும் காதலும் இப்படிச் சண்டையின்றி இருப்பது அரிது.

இனி ஒலி. பெயரின் பொருளைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள்; ஒலியைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் பொருள் அகராதியில் இருக்கும். ஒலிதான் தினமும் காதில் விழும். முருகு என்று சொல்லிப் பாருங்கள். ம் மெல்லினம், ர் இடையினம், க் வல்லினம். மூன்றோடும் ஒரே உகரம் சேர்ந்து மு, ரு, கு. தமிழ் மெய்யெழுத்துகளின் மூன்று இனங்களும் இந்த மூன்றெழுத்தில் வரிசையாக, மென்மையில் தொடங்கி வன்மை நோக்கிப் போகின்றன. தமிழ் என்ற சொல்லிலும் மூன்று இனங்களும் இருப்பதை இதோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் தமிழாசிரியர்களிடம் உண்டு. யாப்பில் பார்த்தால் முருகன் என்பது நிரை நேர், புளிமா. இரண்டு குறில் துள்ளி ஓடி, ஓர் ஒற்றில் வந்து நிற்கிறது. கிரந்த எழுத்து இல்லை. நாக்கைச் சிக்க வைக்கும் கூட்டெழுத்து இல்லை. பேசத் தொடங்கும் குழந்தையே தன் பெயரைச் சீக்கிரம் சொல்லிவிடும்.

இதைவிட முக்கியமானது விளி. அன் என்று முடியும் பெயர்களைக் கூப்பிடும்போது அது ஆ ஆகிறது. முருகன் முருகா ஆகிறான். வாய் மூடி முடிந்த பெயர் வாய் திறந்து முடிகிறது. தெருமுனையில் விளையாடும் பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுவதற்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கும். இப்போது வைக்கும் பெயர்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. ஷ் என்றும் த் என்றும் முடியும் பெயர்களை எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும் கடைசியில் குரல் நீளாமல் நின்றுவிடும்.

அந்த 'முருகா' தமிழில் பெயராக மட்டும் நிற்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்தவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு முருகா என்கிறார். முழங்கால் வலியோடு திண்ணையில் உட்காரும் கிழவி முருகா என்கிறாள். இதில் வேண்டுதலும் இல்லை, சடங்கும் இல்லை. மூச்சு வெளியே வரும்போது அதனோடு சேர்ந்து வரும் சொல்லாகிவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் 'மொழிக்குத் துணை முருகா எனும் நாமங்கள்' என்று பாடினார். கண்ணுக்குத் துணை அவன் பாதங்கள், பேச்சுக்குத் துணை அவன் பெயர் என்கிறார். பேச்சுக்குத் துணை என்ற இந்தச் சொல்லைத்தான் அந்த மூட்டைக்காரரிடமும் கிழவியிடமும் நான் கேட்கிறேன். கந்தர் அனுபூதியில் அவரே 'முருகன் குமரன் குகன்' என்று மொழிந்து உருகும் செயலைத் தா என்று கேட்கிறார். முருகனுக்கு எதுகையாக உருகுதல் வந்து விழுகிறது. ம் என்ற ஒற்றோடு உருகு சேர்ந்தால் முருகு. இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

அடுத்து, சேர்த்து வைக்கும் யோசனை. முருகனின் பெயர்க் குடும்பம் தமிழில் மிகப் பெரியது. அதில் பெரும்பகுதி ஊர்ப்பெயர்களால் ஆனது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செந்தில் என்றால் திருச்செந்தூர். செந்தில்நாதன், செந்திலாண்டவன் எல்லாம் அந்தக் கடற்கரையிலிருந்து வந்தவை. பழனி, பழனிச்சாமி, பழனிவேல், பழனியப்பன் ஆகியவை மலையிலிருந்து இறங்கி வந்தவை. தண்டபாணியும் அங்கிருந்து வந்தவர்தான். கையில் தண்டு வைத்திருப்பவர். சாமிநாதன் சுவாமிமலை. தணிகாசலம், தணிகைவேல் திருத்தணி. மருதாசலம் என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால் கோவைக்குப் பக்கத்து மருதமலை அவர்கள் குடும்பத்தில் எங்கோ இருக்கிறது. சிங்காரவேலு என்றால் சிக்கல். முத்துக்குமாரசாமி என்றால் வைத்தீசுவரன் கோயில். திருமலைக்குமார் என்றால் செங்கோட்டைக்கு அருகே பண்பொழி. கழுகாசலம் என்றால் கழுகுமலை. கதிர்காமநாதன் என்றால் இலங்கையின் தென்கோடிக் கதிர்காமம். யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கம் கந்தசாமி, கந்தையா, ஆறுமுகம், முருகேசு என்று வரும். ஆறுமுக நாவலரே 1822இல் நல்லூரில் பிறந்தவர்தான். கொடி காத்த திருப்பூர் குமரனின் முழுப்பெயர் குமாரசாமி. பிறந்த ஊர் சென்னிமலை. அங்கும் மலைமேல் முருகன் கோயில். ஒருவரின் பெயரைக் கேட்டு அவருடைய முன்னோர் எந்தக் கோயிலுக்கு நடந்தார்கள் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தமிழ்நாட்டையும் இலங்கையையும் இப்படி ஆண்பிள்ளைகளின் பெயர்களால் வரைந்து வைத்திருக்கிறோம்.

பெயரோடு ஊர் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதற்கு உ.வே.சா.வின் வாழ்க்கையே சான்று. 1855இல் பிறந்த அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன், அது சுருங்கிச் சாமா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, வேங்கடராமன் தவிர வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்க, சாமிநாதன் என்ற பெயர் வெளியே வந்தது. ஆசிரியருக்கு அது பிடித்துப்போக, தமிழுலகம் அந்தப் பெயரால் அவரை அறிந்தது. சுவாமிமலை முருகனின் பெயரைத் தாங்கிய அவர்தான் 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அதில் முதல் பாட்டு திருமுருகாற்றுப்படை.

இத்தனை பெயர்களுக்கும் நடுவே முருகன் மட்டும் எந்த ஊருக்கும் உரியதல்ல. ஆறுபடை வீட்டில் எந்த வீட்டுக்கும் உரியதல்ல, ஆறுக்கும் பொது. கடலோரத்தில் இருப்பவரும் மலையடிவாரத்தில் இருப்பவரும் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பத்துமலையில் 272 படி ஏறுபவரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். சாதிப் பட்டமும் அதில் இல்லை. எல்லாச் சமூகத்திலும் முருகன்கள் இருக்கிறார்கள். அதனால்தான் சேர்க்காதீர்கள் என்கிறேன். வேல்முருகன், பாலமுருகன், செல்வமுருகன், முருகேசன், முருகவேள், முருகானந்தம் எல்லாம் நல்ல பெயர்கள்தாம். அருணாசலம் முருகானந்தம், பெண்களுக்கான மலிவான சுகாதார நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி அந்தப் பெயருக்குப் பெருமை சேர்த்தார். முருகப்பா என்ற பெயர் 1900இல் பர்மாவில் தொடங்கிய ஒரு வணிகத்திலிருந்து இன்றைய தொழில் நிறுவனங்கள் வரை வந்திருக்கிறது. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கப்படும் சொல் முருகனுக்குள் ஏற்கெனவே இருப்பதையே திரும்பச் சொல்கிறது. பாலன் என்றால் இளையவன். அது முருகிலேயே இருக்கிறது. புதுமைக்காக முன்னால் ஓர் அசையை ஒட்ட வைத்து, யாருக்கும் பொருள் தெரியாத ஒரு கூட்டுப்பெயரை உண்டாக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. முருகனுக்கு அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெயரைச் சொன்னதும் எந்தவிதமான ஆண் மனத்தில் எழுகிறான் என்பதும் ஒரு கேள்வி. முருகனைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவற்றின் பலமுகம். பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்ட பிள்ளை அவன். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் அந்தக் கோபத்தின் நியாயம் புரியும். பிரணவத்தின் பொருளைத் தந்தைக்கே சொல்லிக்கொடுத்த மகனும் அவன்தான். அப்பா கை கட்டி, வாய் பொத்திக் கேட்டார். சூரனோடு போரிட்ட தளபதி. தினைப்புனத்தில் வள்ளியைத் தேடிப் போய், வேடனாகவும் கிழவனாகவும் வேடம் போட்டு, அவளிடம் கெஞ்சி நின்ற காதலன். தேவர் தலைவன் மகளை மணந்தவன் குறவர் குடியில் வளர்ந்த பெண்ணையும் தேடிப் போய் மணந்தான் என்பதைத் தமிழர்கள் மிகுந்த வாஞ்சையோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். கோபம், அறிவு, வீரம், காதல் என்று ஒரு மகன் வளரும்போது கடந்து போகும் நிலைகள் எல்லாமே அந்தப் பெயருக்குக் கீழ் உள்ளன. அவன் எப்படி வளர்ந்தாலும் பெயர் அவனோடு முரண்படாது.

கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பம் என்றால்? கேள்வியில் இது இல்லை. ஆனால் இதைக் கேட்பவர்கள் உண்டு. சொல்லாகவே எடுத்துக்கொண்டாலும் முருகன் தூய தமிழ்ப் பெயர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில் வேதாசலம் மறைமலை ஆனார். அதற்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆகியிருந்தார். முருகன் என்று பெயர் உள்ள ஒருவர் எந்த இயக்கத்துக்காகவும் தன் பெயரை மாற்ற வேண்டியதில்லை. அழகன், இளையவன் என்ற பொருளிலேயே அதை வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் சிலர், சாமி பெயரை வைத்துவிட்டு எப்படித் திட்டுவது என்று தயங்குவார்கள். அதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. பாகவதத்தில் அஜாமிளன் சாகும் தறுவாயில் தன் மகன் நாராயணனைத்தான் கூப்பிட்டான். அதுவே அவனுக்கு நாம உச்சரிப்பாகிவிட்டது. பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் கடவுளைக் கூப்பிட்டதாகட்டும் என்றுதான் முன்னோர் இப்படிப் பெயர் வைத்தார்கள். திட்டும்போது 'டேய்' என்று மட்டும் சொல்லிப் பெயரை விட்டுவிடுவது பல வீடுகளில் தானாகவே வந்துவிடும் பழக்கம். இதோடு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என் பெரிய பாட்டியின் கணவர் பெயர் முருகையா. கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்காக அவர் வாழ்நாள் முழுதும் கோயிலில் நின்று 'வேலவா' என்று மட்டும்தான் கும்பிட்டார். நாங்கள் கந்தசஷ்டிப் பாடல்கள் படிக்கும்போது முருகா என்று வரும் இடங்களில் அவர் உதடு அசையாது. தாத்தா இறந்து ஓராண்டு கழிந்த பிறகு ஒரு நாள், யாரும் இல்லை என்று நினைத்து, விளக்கின் முன் அவர் முருகா என்று சொன்னதைக் கேட்டேன். அவர் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கும் இருக்கும் பெயர் என்ற தயக்கத்துக்கு வருகிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் வகுப்பில் மூன்று முருகன்கள் இருந்தார்கள். தலைப்பெழுத்தைச் சேர்த்தால்தான் யாரென்று தெரியும். ஆனால் இன்று மழலையர் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவரை வெறும் முருகன் அங்கே அபூர்வமாகத்தான் வருகிறான். தனித்துத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் ஒரே மாதிரி ஒலிக்கும் புதுப் பெயர்களைத் தேடிப் போய்விட்டார்கள். உங்கள் மகன் அந்த வகுப்பில் ஒரே முருகனாக இருக்க வாய்ப்பு அதிகம். அவன் பெயரை ஆசிரியர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்காது. எப்படி எழுதுவது என்றும் கேட்க வேண்டியிருக்காது.

நட்சத்திர எழுத்து பார்க்கும் குடும்பமானால், மு என்ற எழுத்து மகத்தின் மூன்றாம் பாதத்துக்கு உரியது என்று பஞ்சாங்கம் சொல்லும். கார்த்திகை, விசாகம் நட்சத்திரங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு, எழுத்து எதுவானாலும், முருகன் பெயர் வைப்பதும் பரவலான வழக்கம். வேறு நட்சத்திரமாக இருந்தால், பெயர் சூட்டும் சடங்கில் காதில் சொல்ல ஒரு பெயரும் ஊர் அழைக்க ஒரு பெயருமாக வைத்துக்கொள்ளலாம். பல குடும்பங்களில் அப்படித்தான் நடக்கிறது. பெயர் எண் பார்த்து ஆங்கில எழுத்துகளை இரட்டிக்க மட்டும் வேண்டாம். யு இரண்டு, ஜி இரண்டு, என் இரண்டு என்று போட்டால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு சான்றிதழில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் வந்துவிட்டால் அலைச்சல்.

வெளிநாடு பற்றிய கவலை அளவுக்கு மீறியது. ழகரமும் ஞகரமும் உள்ள பெயர்களைப் பிறர் சொல்லத் திணறுவார்கள். முருகனில் அப்படி ஓர் ஒலியும் இல்லை. அதிகம் போனால் நடுவில் நீட்டி முரூகன் என்பார்கள். ஒரு முறை திருத்தினால் பிடித்துக்கொள்வார்கள். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயர்தான் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டு, இருக்கும் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. இவ்வளவு நல்ல பெயர் இருக்கும்போது பெயரே தெரியாதவன் என்று ஓர் அரசு ஆவணம் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கும். ஆகவே தந்தையின் பெயரை விரித்து எழுதிக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள். இவன் அயல்நாட்டில் குடியேறினால், இவன் பிள்ளைகளுக்கு முருகன் குடும்பப்பெயராக அமையலாம். இங்கேயே இருந்தால், அவர்கள் பெயருக்கு முன்னால் 'மு.' நிற்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிய வேண்டும். ஆனால் அப்போதே பெயரைக் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி இருக்கிறது. எனவே வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒருமுறை பதிந்த பெயரைப் பின்னால் மாற்றுவதுதான் கடினம். அரசிதழ் வரை போக வேண்டிவரும். விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். எழுதுபவரின் ஊகத்துக்கு விடாதீர்கள். தமிழில் நான்கு எழுத்து, ஆங்கிலத்தில் ஏழு.